சாவி கேட்கப் போன வீடு

பகவதியக்கா இறந்த செய்தி வந்தபோது நான் அவருடைய காருக்குப் பெட்ரோல் போட்டுக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைய வசதியாக இருக்கட்டும் என்று அக்காவே காரை என்னிடம் கொடுத்திருந்தார். பங்கில் பெரிய வரிசை. அக்காவின் தம்பி ராமையா அண்ணாச்சி கூப்பிட்டு, "சேகர், அக்கா போயிட்டா" என்றார். பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்கள். நான் சொன்ன பதில் இது: "அண்ணாச்சி, ரெண்டு நிமிஷம் லைன்ல இருங்க, வண்டிய நகத்திக்கிறேன்."

ஓரமாக நிறுத்திய பிறகுதான் என்ன கேட்டேன், என்ன சொன்னேன் என்பது உறைத்தது. அண்ணாச்சி உண்மையாகவே லைனில் இருந்தார். அக்கா இருந்திருந்தால் இதை ஒரு வாரத்துக்கு ஆபீஸ் முழுக்கச் சொல்லிச் சிரித்திருப்பார். சொல்ல ஆளில்லாததால் நானே எழுதிவிடுகிறேன்.

அக்காவை அறிந்த உங்களில் பாதிப் பேராவது அந்தக் காரில் ஏறியிருப்பீர்கள். காலையில் சரோஜினி நகர் குவார்ட்டர்ஸிலிருந்து கிளம்பி, முனிர்கா வந்து என்னையும் இன்னும் இரண்டு பேரையும் அள்ளிக்கொண்டு ஆபீஸ் போவார். முன் சீட்டில் உட்காருகிறவர் தமிழில்தான் பேச வேண்டும் என்பது அவர் சட்டம். டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் பின் சீட்டுக்குச் சண்டை போட்டதற்கு அதுதான் காரணம். நான் தாமதமாக வரும் நாட்களில் கண்ணாடியை இறக்கி, "வாங்க மாப்ள, ஊர்வலம் ஒங்களுக்காகத்தான் நிக்கு" என்பார். இத்தனை வருஷம் டெல்லியில் இருந்தும் அவருடைய வள்ளியூர்த் தமிழ் கொஞ்சமும் மாறவில்லை.

அந்தக் கார் ஒரு மழைக்காலத்தில் பாலத்தடியில் தேங்கிய தண்ணீரில் மூழ்கியது. எஞ்சினுக்குள் தண்ணீர் புகுந்து உள்ளே எல்லாம் வளைந்துவிட்டது. எஞ்சினை இயக்கும் கம்ப்யூட்டர் பெட்டியும் போனது. புது எஞ்சின் போடுகிற காசுக்கு இன்னொரு பழைய காரே வாங்கலாம் என்றார்கள். "வாங்குங்களேன்" என்றேன். அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஒனக்கு மூட்டு வலின்னா வேற ஆள் வாங்கிருவோமா?" என்றார்.

ஆகவே மாயாபுரிக்குப் போனோம். விபத்தில் சிக்கிய வண்டிகளை வாங்கிப் பிரித்து விற்கும் கடைகள் அங்கே தெருத் தெருவாக உண்டு. அக்காவின் காரைப் போலவே ஒன்று கிடைத்தது. அதன் பின்பக்கம் அப்பளமாக நொறுங்கியிருந்தது, முன்பக்கம் சின்னக் கீறல்கூட இல்லை. எஞ்சின் நல்ல எஞ்சின் என்று கூட வந்த மெக்கானிக் இர்ஃபான் பாய் சொன்னதும் எங்களுக்கு ஒரே சந்தோஷம். அந்த வண்டிக்குள் யார் இருந்தார்கள் என்று நாங்கள் இருவரும் கேட்கவில்லை. அக்கா அதைப் பிற்பாடு எப்போதும் தன் தவறாகவே சொல்வார். நானும் அங்கேதான் நின்றேன்.

எஞ்சினையும் அதன் கம்ப்யூட்டரையும் சேர்த்து அக்காவின் காருக்குள் இறக்கிப் பொருத்தி, எல்லாம் முடிந்த பிறகு வண்டி கிளம்பவில்லை. இர்ஃபான் பாய் தலையில் அடித்துக்கொண்டார். அந்தக் கம்ப்யூட்டர் நொறுங்கிய காரின் சாவியை மட்டுமே ஏற்றுக்கொள்ளும். சாவிக்குள் ஒரு சிப் இருக்கிறது. அது பக்கத்தில் இல்லையென்றால் திருட்டு என்று நினைத்து எஞ்சினை உயிர்ப்பிக்காது. கடைக்காரரிடம் வந்த சாவி தொலைந்துபோயிருந்தது. "இன்னொரு சாவி அவங்க வீட்ல இருக்கும் மேடம்" என்று சொல்லி அந்த வீட்டின் விலாசத்தைக் கொடுத்தார்.

இதற்கு மேல் நடந்ததை அக்கா வாயால் நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். அவர் சொன்னபோது வயிறு வலிக்கச் சிரித்தோம். என்னால் அப்படிச் சொல்ல முடியாது.

திலக் நகரில் மூன்றாவது மாடி. யார் வீட்டுக்கும் வெறுங்கையோடு போகக் கூடாது, அதிலும் அந்த வீட்டுப் பெண்மணிக்குப் பூ கொடுக்க வேண்டும் என்பது அக்காவின் வழக்கம். வழியில் ராமகிருஷ்ணபுரத்தில் இறங்கி இரண்டு முழம் மல்லிகை வாங்கிக்கொண்டார். மேலே போனால் கதவு திறந்தே இருந்தது. கூடம் முழுக்க வெள்ளை விரிப்பு, அதில் நெருக்கமாக ஆட்கள். சுவரோரம் இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்காத ஒரு பையனின் படம். அன்று அவனுடைய முதல் வருஷத் திவசம்.

திரும்பிவிட்டிருக்கலாம். ஆனால் அவனுடைய அம்மா எழுந்து வந்து அக்காவின் கையிலிருந்த பூவைப் பார்த்தார். அதை வாங்கிக்கொண்டு போய் மகனின் படத்துக்குப் போட்டார். பிறகு அக்காவைக் கட்டிக்கொண்டு, "ரோஹித்தோட ஆபீஸ் மேடம்தானே? உங்களைப் பத்தி எப்பவும் சொல்வான்" என்று இந்தியில் சொல்லி அழுதார். ரோஹித்தின் ஆபீஸில் ஒரு தென்னிந்திய மேடம் இருந்திருக்கிறார். அக்கா மறுக்கவில்லை. மறுக்கிற நேரமும் அது இல்லை. அக்காவும் அழுதார். எங்களை உட்கார வைத்தார்கள், டீ கொடுத்தார்கள், சாப்பாடும் போட்டார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? அக்காவின் முழங்கையைக் கிள்ளி, "அக்கா, சாவி" என்றேன். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு முறை கிள்ளினேன். எதிரே ஷோகேஸில், கண்ணாடிக்குப் பின்னால், அந்தச் சாவி தெரிந்தது. அது கண்ணில் பட்ட பிறகு அந்தப் பையனின் படத்தை நான் திரும்பிப் பார்க்கவே இல்லை.

துக்க வீட்டில் சொல்லிக்கொள்ளாமல் வருவது நம் வழக்கம் என்பதால் அந்த அம்மாவிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல்தான் இறங்கினோம். ஆட்டோவில் பாதி வழி வந்த பிறகு அக்கா, "அடுத்தவ பிள்ளைக்கு அழுது சோறு தின்னுட்டு வந்திருக்கோம்ல" என்றார். நான் அவரைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு, "நீங்க நிஜமாத்தானே அக்கா அழுதீங்க" என்றேன். "அதான்ல வெக்கமா இருக்கு" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னையும் இழுத்துக்கொண்டு மறுபடி அங்கே போனார். வேண்டாம் என்று எத்தனையோ சொல்லிப் பார்த்தேன். வேறு வண்டியின் கம்ப்யூட்டர் தேடலாம், ஃபோனில் பேசிக்கொள்ளலாம், இர்ஃபான் பாயை அனுப்பலாம் என்றெல்லாம் சொன்னேன். அந்த அம்மா சிரித்த முகத்தோடு உள்ளே கூப்பிட்டார். அக்கா செருப்பைக் கழற்றவில்லை. வாசலில் நின்றபடியே தனக்குத் தெரிந்த இந்தியில் சொல்லிவிட்டார். நான் உங்கள் மகனின் ஆபீஸ் இல்லை. உங்கள் மகனின் வண்டி எஞ்சினை நான்தான் வாங்கியிருக்கிறேன். அன்றைக்குச் சாவி கேட்க வந்தேன். வேறு யாரோ என்று நினைத்து என்னைக் கட்டிக்கொண்டீர்கள், சொல்ல வாய் வரவில்லை. மன்னிக்க வேண்டும்.

அந்த அம்மாவின் முகம் மாறியது. கதவைப் படாரென்று சாத்திவிட்டார். நான் படியிறங்கத் திரும்பினேன். அக்கா என் சட்டையைப் பிடித்தார்.

"நில்லுல. அவ்வோ திட்டணும்னா திட்டுததுக்கு ஆள் வேணும்லா."

நின்றோம். எதிர் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். எனக்கு மானம் போனது. கதவு திறந்தது, அந்த அம்மா திட்டினார். பஞ்சாபியில், இந்தியில், பிறகு இரண்டும் கலந்து. பிணத்தின் மேலிருந்து துணி உருவுகிறவர்கள் என்றார். அக்கா தலையை நிமிர்த்திக்கொண்டு முழுவதையும் கேட்டார். நான் என் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாம் ஓய்ந்த பிறகு அந்த அம்மா கேட்டார், "அந்த எஞ்சின் ஓடுமா?" சாவி இருந்தால் ஓடும் என்றார் அக்கா. அந்த அம்மா உள்ளே போய்ச் சாவியை எடுத்துவந்து அக்காவின் கையில் வைத்தார். அவர்தான் கமலேஷ் ஆண்ட்டி.

கார் ஓடத் தொடங்கியதும் அக்கா முதலில் திலக் நகருக்குத்தான் ஓட்டிப் போனார். ஆண்ட்டி பால்கனியில் நின்று எஞ்சின் சத்தத்தைக் கேட்டார், கீழே வரவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் திவசத்தன்று இரண்டு முழம் மல்லிகையோடு அக்கா அங்கே போவார். நான் ஒரு வருஷம்கூடப் போகவில்லை. வேலை இருந்தது என்று சொல்வேன்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். அக்காவின் காரியங்களைப் பார்த்துக்கொண்டது நான்தான். யார் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று உட்கார்ந்து யோசித்து எல்லோருக்கும் ஃபோன் பண்ணினேன். கமலேஷ் ஆண்ட்டியின் ஞாபகமே வரவில்லை. இன்னும் சில மாதங்களில் காரின் பதினைந்து வருஷம் முடிகிறது, அதற்கு மேல் டெல்லியில் ஓட்ட முடியாது. "இதை என்ன செய்ய?" என்று ராமையா அண்ணாச்சி கேட்டபோது, பழைய வண்டி எடுக்கிறவரின் நம்பரை நான்தான் கொடுத்தேன். மறுநாள் வந்து எடுத்துக்கொள்வதாகப் பேச்சு.

அன்று மாலை குவார்ட்டர்ஸ் கூடத்தில் உங்களில் பலர் உட்கார்ந்திருந்தீர்கள். வெளிர் சல்வாரில் ஒரு வயதான அம்மா உள்ளே வந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். கையில் பாலிதீன் பை, அதற்குள் மல்லிகை. கமலேஷ் ஆண்ட்டிதான். அக்காவின் ஃபோனுக்கு அடித்திருக்கிறார், அண்ணாச்சி எடுத்துச் செய்தியைச் சொல்லியிருக்கிறார். படத்துக்குப் பூவைப் போட்டுவிட்டு ஒரு மூலையில் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதார். "யாரு இவ்வோ, ஆபீஸா?" என்று அண்ணாச்சி என் காதில் கேட்டார். பெரிய கதை, இப்போது எதற்கு என்று நினைத்து, "ஆமா, ஆபீஸ்தான்" என்றேன்.

சொல்லி முடித்ததும் உடம்பு கூசியது. அன்று அக்கா மறுக்காமல் இருந்ததிலாவது கண்ணீர் இருந்தது. எனக்கு வெறும் சோம்பல்.

ஆண்ட்டி டீயைக் குடித்தார். ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தார், கார் அங்கேதான் நின்றிருந்தது. என்னைப் பார்த்தார், வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். பிறகு யாரிடமும் சொல்லாமல் எழுந்து போனார். எதையோ கேட்க வந்து கேட்காமல் போகிற ஆளை எனக்குத் தெரியாதா? நானும் ஒருநாள் அப்படி ஒரு விரிப்பில் உட்கார்ந்திருந்தவன்தானே. படியில் ஓடி அவரைப் பிடித்தேன். "ஆண்ட்டி, வண்டியை ஸ்டார்ட் பண்ணட்டுமா?" என்றேன்.

முன் சீட்டில் உட்கார்ந்தார். அவர் கொடுத்த அதே சாவியால் எஞ்சினைக் கிளப்பினேன். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டார். கொஞ்ச நேரம் கழித்து, "பஸ் பேட்டா, பந்த் கர் தே" என்றார். போதும் மகனே, அணைத்துவிடு, பெட்ரோல் வீணாகிறதாம். அணைத்தேன். இதை விற்கப் போகிறீர்களா என்று கேட்டார். நாளைக்கு எடுக்க வருகிறார்கள் என்று ஸ்டியரிங்கைப் பார்த்துச் சொன்னேன்.

அவர் திட்டவில்லை. கதவைத் திறந்து இறங்கி, துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு, "மேடமா இருந்தா எங்கிட்ட முதல்ல சொல்லியிருப்பாங்க" என்று மட்டும் இந்தியில் சொன்னார்.

அன்று இரவே அண்ணாச்சியிடம் முழுக் கதையையும் சொன்னேன். அவருக்கு அக்காவின் முகவெட்டு. ரொம்ப நேரம் என்னைப் பார்த்துவிட்டு, "வண்டி ஒங்கிட்டயே இருக்கட்டும். அவ்வோகிட்ட கேட்டுட்டு செய்யி" என்றார்.

அக்காவின் தைரியம் எனக்கு வரவில்லை. அவருடைய சிரிப்பும் வரவில்லை. அவர் இல்லாத இடத்திலும் அவர் பார்த்துவிட்டது போல வருகிற இந்த வெட்கம்தான் என்னிடம் தங்கியிருக்கிறது. அதை வைத்துக்கொள்கிறேன். வருகிற ஞாயிறு மல்லிகை வாங்கிக்கொண்டு அந்த மூன்று மாடி ஏறப் போகிறேன். செருப்பைக் கழற்றும் முன்பே வாசலில் நின்று சொல்லிவிடுவேன்: செய்தி சொல்ல மறந்தவன் நான், காரை விலைபேசியவனும் நான், இந்த எஞ்சினை என்ன செய்யட்டும் என்று கேட்க வந்திருக்கிறேன். கதவைச் சாத்தினால் நகர மாட்டேன். திட்டுவதற்கு அவருக்கு ஒரு ஆள் வேண்டும்.