ஸ்டோர்ஸ் ராஜமாணிக்கம்தான் ஜெயிப்பார் என்றேன்

எங்கள் தொழிற்சாலைச் சங்கத்தின் தலைவர் தேர்தல் முடிவு முதலில் வந்து சேர்ந்த இடம் டெலிபோன் அறை. டைம் ஆபீஸ் கிளார்க் போனில் சொன்னார்: எலக்ட்ரிகல் ஷாப் மஜீத் பாய் ஜெயித்துவிட்டார். நான் இணைப்புக் கார்டைப் பிடுங்குவதற்குள் ஸ்விட்ச்போர்டில் ஷட்டர்கள் வரிசையாக விழ ஆரம்பித்தன. எல்லா எக்ஸ்டென்ஷன்களும் ஒரே கேள்வியைத்தான் கேட்டன. மாலை வரை நான் "மஜீத் பாய்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். கேட்டவர்கள் ஒவ்வொருவரும் "யாரு?" என்று இன்னொரு முறை கேட்டுவிட்டுத்தான் போனை வைத்தார்கள். ஏனென்றால் ஸ்டோர்ஸ் ராஜமாணிக்கம் ஜெயிப்பார் என்று தொழிற்சாலை முழுவதும் நம்பிக்கொண்டிருந்தது. அதைக் கணித்துச் சொன்னவள் நான்தான்.

சில வருடங்களுக்கு முன் நடந்தது இது. போர்டுக்குப் புதிதாகப் பயிற்சிக்கு வந்திருக்கும் பெண்கள் இந்தக் கதையைக் கேன்டீனில் வேறு மாதிரி கேட்டுவிட்டு வருகிறார்கள். அதனால் நானே எழுதி வைக்கிறேன்.

1. கோடு போடும் வேலை

தொழிற்சாலை எர்ணாவூரைத் தாண்டி இருக்கிறது. அப்போது போர்டில் நாங்கள் இரண்டே பேர், நானும் காசிமேட்டு சரோஜாவும். நான் டெலிபோன் மெக்கானிக் படிப்பு முடித்துவிட்டு வந்தவள். போர்டில் உட்காருவதோடு கார்டு அறுந்தால் மாற்றுவது, ஷட்டர் சிக்கினால் சரிசெய்வது எல்லாம் என் வேலை. சரோஜாவின் வீட்டார் படகுக்காரர்கள். அந்தக் குப்பத்திலிருந்து ஆபீஸ் வேலைக்கு வந்த முதல் பெண் அவள்.

போர்டைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒருவர் போனின் கைப்பிடியைச் சுழற்றினால் போர்டில் அவருடைய எண்ணுக்கு மேலே உள்ள சின்ன உலோக மூடி கீழே விழும். அதுதான் ஷட்டர். யார் வேண்டும் என்று கேட்டு, இரு முனையிலும் பிளக் உள்ள கயிறான கார்டைச் செருகி இணைப்போம். மறுமுனையில் குரல் வந்ததும் நாங்கள் விலகிவிட வேண்டும். பேச்சைக் கேட்பது குற்றம்.

ஆண்டுக்கு ஒருமுறை 'பெக் கவுண்ட்' எடுப்போம். எந்த எக்ஸ்டென்ஷனுக்கு எத்தனை கால் வருகிறது என்று கோடு போட்டு எண்ணுவது. அதிகம் வரும் இடத்துக்கு இரண்டாவது லைன் கொடுப்பார்கள். அந்த வருடம் பெக் கவுண்ட் நடந்த வாரங்களில்தான் தேர்தல் பிரச்சாரமும் நடந்தது.

ராஜமாணிக்கத்தின் எண்ணுக்குக் கோடுகள் குவிந்தன. மஜீத் பாயின் எண்ணுக்கு அதில் கால்வாசிகூட இல்லை. இன்னொன்றையும் கவனித்தேன். ராஜமாணிக்கத்துக்கு வந்த கால்கள் சீக்கிரம் முடிந்தன. கார்டைச் செருகிக் கை எடுப்பதற்குள் பேச்சு முடிந்தது என்று காட்டும் மூடி விழும். இரண்டே வார்த்தையில் காரியத்தை முடிக்கிற மனிதர் என்று நினைத்துக்கொண்டேன்.

பேச்சைக் கேட்காமலே, ஒரு விதியையும் மீறாமலே, தேர்தல் முடிவு என் கைக்கு வந்துவிட்டதாக எனக்கு ஒரே மகிழ்ச்சி. சரோஜாவிடம் சொன்னேன். அவள் கேன்டீனில் சொன்னாள். மறுநாள் அக்கவுண்ட்ஸிலிருந்து ஒருவர், வெளியூருக்கு ட்ரங்க் கால் கேட்க அழைத்தவர், போகிற போக்கில் "கணக்கு இன்னும் அப்படியேதான் இருக்கா?" என்று விசாரித்தார்.

2. மனு யாரிடம் போனது

இது வெறும் விளையாட்டாக இருந்திருந்தால் இவ்வளவு எழுத வேண்டியதில்லை.

போர்டு வேலை இரவு எட்டு மணிக்கு முடியும். மழைக்காலத்தில் ஸ்டேஷனுக்குப் போகும் பாதையில் முழங்கால் தண்ணீர் நிற்கும், விளக்கு கிடையாது. அதனால் அந்த மாதங்களில் ஏழு மணிக்கே போர்டை விட்டுக் கிளம்ப அனுமதி தந்திருந்தார்கள். ஆனாலும் தண்ணீர் தண்ணீர்தான், இருட்டு இருட்டுதான். முந்தின வருடம் சரோஜா ஒரு பள்ளத்தில் விழுந்து கணுக்கால் வீங்கி வீட்டுக்குப் போனாள். அவளுடைய அப்பா தீர்த்துச் சொல்லிவிட்டார். அதை அவள் அவர் குரலிலேயே சொல்லிக் காட்டினாள்:

"கடல்ல போறவன் நானே மழைன்னா கரையில குந்திக்கினு கீறேன். நீ இன்னாத்துக்கு அந்தத் தண்ணியில எறங்கி வர்ற? வண்டி வுட்டா போ. இல்லாங்காட்டி இந்த மழைக்கு வேலைய வுட்டுடு."

ராயபுரம் வரை ஒரு வேன் வேண்டும். புதுத் தலைவர் நிர்வாகத்திடம் கொடுக்கும் கோரிக்கைப் பட்டியலில் அது இடம்பெற வேண்டும். இல்லையென்றால் சரோஜா வேலையை விடுவாள்.

மனு எழுதினோம். இரண்டு வேட்பாளர்களிடமும் கொடுக்கலாம் என்றாள் சரோஜா. நான்தான் தடுத்தேன். தோற்கப் போகிறவரிடம் கொடுப்பானேன், ஜெயிக்கிறவர் தவறாக நினைத்தால் என்ன செய்வது என்று வாதம் செய்தேன். மனு ராஜமாணிக்கத்திடம் மட்டும் போனது. அவர் வாங்கிக்கொண்டு மிகவும் அழகாகப் பேசினார். மஜீத் பாய் ஒருமுறை மின்விசிறி பார்க்க எங்கள் அறைப் பக்கம் வந்து, "ஓட்டு கீட்டு உண்டா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டபோது, நான் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டேன்.

பிறகுதான் அந்த டைம் ஆபீஸ் கால் வந்தது. சரோஜா என்னைத் திட்டவில்லை. "சரி, மழை வர இன்னும் நாளிருக்கு" என்று மட்டும் சொன்னாள்.

3. வாசலில் மஜீத் பாய்

இரண்டு நாள் கழித்து அவரே வந்தார். வெளியாட்கள் அறைக்குள் வரக் கூடாது என்பதால் ஏணியைச் சுவரில் சாய்த்துவிட்டு வாசலில் நின்றார்.

"இன்னா தங்கச்சி, கட்ன குதிர படுத்துக்கிச்சாமே?"

உள்ளதைச் சொன்னேன். பெக் கவுண்ட் எப்படி எடுப்போம், ராஜமாணிக்கத்துக்கு எவ்வளவு கால் வந்தது, அதை வைத்து எப்படிக் கணித்தேன் என்று விளக்கினேன். அவர் கேட்டுக்கொண்டே வந்தவர், பாதியில் ஏணியைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

"அதுல பாதி நான் அடிச்சதும்மா. எந்த ஷெட்டுல நிக்கறனோ அங்கேர்ந்து, ஃபியூஸ் ஒயரு கேட்டு, பல்பு கேட்டு. ஒருநாளாச்சும் அந்தாளு சீட்டுல இருந்தாத்தான? அட்டெண்டரு எடுப்பான், 'ஐயா ரவுண்ட்ஸ் பூட்டாரு'ம்பான். வெச்சுட்டு மறுக்கா அடிப்பேன். நீ அத்த ஓட்டுன்னு எண்ணிக்கினியா?"

"உங்களுக்கு ஏன் கால் வரவில்லை?" என்று கேட்டேன்.

"எனுக்கு எதுக்கும்மா போனு? நாந்தான் ஏணியத் தூக்கினு எல்லா ஷெட்டுக்கும் போறனே. பாக்கறவன் வழியிலயே சொல்லிடுவான்."

அப்போதுதான் புரிந்தது. மறுமுனையில் குரல் வந்தால் போர்டைப் பொறுத்தவரை அது பேசி முடிந்த கால். அந்தக் குரல் 'ஆள் இல்லை' என்று சொன்னாலும் எனக்கு அது ஒரு கோடுதான். இரண்டே வார்த்தையில் அவர் முடித்த காரியம் என்று நான் வியந்ததெல்லாம் 'ஐயா இல்லை' என்ற அந்த இரண்டு வார்த்தைதான்.

வெட்கத்தை ஓரமாக வைத்துவிட்டு வேன் விஷயத்தைச் சொன்னேன். ராஜமாணிக்கத்திடம் மட்டும் மனு கொடுத்ததையும் மறைக்கவில்லை. அது அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. அதற்காக அவர் கோபித்துக்கொள்ளவில்லை. ஆனால் பட்டியலில் சேர்க்கிறேன் என்று உடனே ஒப்புக்கொள்ளவும் இல்லை.

"ரெண்டு பொண்ணுக்கு ஒரு வண்டியான்னு மேனேஜர் கேப்பாரு. அதுக்கு நான் இன்னா சொல்லட்டும்? அத்த யோசிச்சு வை. சும்மா போய் நின்னா பேஜாராப் பூடும்."

4. விழுந்து கிடந்த ஷட்டர்கள்

அந்த வாரமே மழை பிடித்துக்கொண்டது. ஏழு மணிக்குக் கிளம்பினோம். மறுநாள் காலை வந்ததும் வழக்கம்போல, விழுந்து கிடந்த ஷட்டர்களை விரலால் தூக்கிவிட ஆரம்பித்தேன். மழைக்காலத்தில் தினமும் செய்வதுதான், அறையைக் கூட்டுவது மாதிரி. மூன்றாவது ஷட்டரில் கை நின்றது.

ஷட்டர் தானாக விழாது. யாரோ அழைத்தால்தான் விழும். ஆபரேட்டர் தூக்கிவிட்டால்தான் எழும்பும். ஆபீஸ்கள் எட்டு மணிக்குப் பூட்டப்படும். இரவு ஷிப்டுக்கு வாசல் வாட்ச்மேனிடம் தனி போன் உண்டு. அப்படியென்றால் காலையில் விழுந்து கிடப்பவை எல்லாம் நாங்கள் போன பிறகு, பூட்டுவதற்கு முன்னால், யாரோ கூப்பிட்டுப் பதில் கிடைக்காமல் விட்டவை. பதில் பெற்ற கால்களை வருடாவருடம் எண்ணினோம். பதில் பெறாதவற்றைத் தினமும் காலையில் நாங்களே அழித்துக்கொண்டிருந்தோம்.

அன்றிலிருந்து தூக்கிவிடும் முன் எண்ணினோம். சரோஜா படிப்பாள், நான் குறிப்பேன். வெளியூர் லைன் ஷட்டர் பல நாள் விழுந்திருந்தது. பவர் ஹவுஸ் விழுந்திருந்தது. மேனேஜருடைய அறை ஷட்டர் விழாத நாள் அபூர்வம். ஆனால் இந்த முறை கணிப்பு எதுவும் சொல்லவில்லை. தாளை மஜீத் பாயிடம் கொடுத்தேன், அவ்வளவுதான்.

பேச்சுவார்த்தையில் நடந்ததை அவர் பிறகு சொன்னார். 'இரண்டு பெண்களுக்கு ஒரு வண்டியா?' என்று மேனேஜர் கேட்கத்தான் செய்தாராம். மஜீத் பாய் தாளை நீட்டியிருக்கிறார். மேனேஜர் தன் எண்ணைத் தேடிப் பார்த்துவிட்டு, பம்பாய் ஹெட் ஆபீஸுக்குக் கால் கேட்டு பதில் வராமல் தான் கத்திக்கொண்டிருந்த மாலை எது என்பதைத் தானே ஞாபகப்படுத்திச் சொன்னாராம்.

மழைக்காலத்திலும் எட்டு மணிவரை நாங்கள் போர்டில் இருப்பது, அதற்கு வண்டி தருவது என்று முடிவானது. கேன்டீனுக்குச் சாமான் ஏற்றிவரும் வேன் இரவு ராயபுரம் ஷெட்டுக்குக் காலியாகத்தான் திரும்பும். அதில் இரண்டு பெஞ்சை அடித்துத் தந்தார்கள். வெங்காய வாடை அடிக்கும். கூரை ஒரு பக்கம் ஒழுகும். முதல் நாள் சரோஜாவின் அப்பா தெருமுனையில் காத்திருந்தார். படகைப் பார்க்கிற மாதிரி வேனைச் சுற்றி வந்து, பக்கப் பலகையைக் கையால் தட்டிக் காது கொடுத்தார். பெஞ்சை ஆட்டிப் பார்த்தார்.

"பலகை கெட்டியாத்தான் கீது. போய்ட்டு வா."

சரோஜா இன்றும் போர்டில் இருக்கிறாள். பயிற்சிக்கு வருகிறவர்களுக்குக் கார்டு பிடிக்கக் கற்றுத் தருவது அவள்தான்.

5. அடுத்த தேர்தல்

அடுத்த தேர்தல் வந்தபோது நான் புத்திசாலியாகிவிட்டதாக நினைத்தேன். யார் அழைக்கிறார்கள், எத்தனை முறை திரும்ப அழைக்கிறார்கள் என்று எல்லாம் பார்த்து, மஜீத் பாய்தான் மறுபடியும் வருவார் என்று சரோஜாவிடம் மட்டும் ரகசியமாகச் சொன்னேன். அவளிடம் ரகசியம் சொல்வதும் கேன்டீனில் போர்டு எழுதி வைப்பதும் ஒன்று.

ஜெயித்தவர் இரும்பு உருக்கி வார்க்கிற ஃபவுண்டரியிலிருந்து நின்ற ஒருவர். ஃபவுண்டரியில் போனே கிடையாது.

அன்று மாலை எலக்ட்ரிகல் ஷாப் ஷட்டர் விழுந்தது. "நம்பர் ப்ளீஸ்" என்றேன்.

"நம்பர் எதுவும் வேணாம் தங்கச்சி. இந்த வாட்டி என்மேல கட்டினியாமே? கேட்டப்பவே நான் தோத்தேன்னு தெரிஞ்சிக்கினேன்."

இருவரும் சிரித்தோம். எனக்குக் கவலை எதுவும் இல்லை. வேனின் கூரையைச் சரிசெய்யச் சொல்லும் மனுவை, இந்த முறை, நின்ற மூன்று பேரிடமும் கொடுத்திருந்தோம்.