இரண்டு வெள்ளை விரிப்புகள்

எங்கள் மலையூரான ஃபோர்ட் வில்லியத்தின் ரயில் நிலையத்துக்கு எதிரிலிருந்து காலை ஒன்பது மணிக்குக் கிளம்பும் பதினாறு இருக்கை வேனை ஓட்டுபவர் டோலினா கெடஸ். ஒரே நாளில் ஒரு நெடுங்கல் வட்டம், ஒரு பழைய தேவாலயம், வாரா என்ற ஏரி, அதன் கரையில் பாதி இடிந்து நிற்கும் கோட்டை எல்லாவற்றையும் காட்டிவிட்டு, மாலை ஐந்தரைக்குத் திரும்பக் கொண்டுவந்து விடுவார். ஓட்டுவதும் அவர்தான், கதை சொல்வதும் அவர்தான். காதோரம் ஒரு சிறிய மைக் மாட்டியிருப்பார்.

டோலினா எங்களுக்கு அடுத்த வீடு. வயது ஐம்பத்தெட்டு. இந்த வேலைக்கு வருவதற்கு முன் பள்ளிப் பேருந்து ஓட்டினார். நானும் அதில்தான் போனேன். எங்களை அவர் தலை எண்ணிப் பார்த்ததே இல்லை. கண்ணாடியில் ஒரு பார்வை பார்ப்பார், யார் வரவில்லை என்று பெயரைச் சொல்லிவிடுவார். இப்போது எனக்குப் பள்ளி முடிந்துவிட்டது. அடுத்து எங்கே போவது என்று தீர்மானிக்கவில்லை, வீட்டில் உட்காரவும் முடியவில்லை. அதனால் முன்னிருக்கை காலியாக இருக்கும் நாட்களில் ஏறிக்கொள்வேன். நான் கேட்டால், "ஏறு. ஆனா நான் சொல்ற ஜோக்குக்கு நீ மட்டும் சிரிக்காம உட்காந்திருக்காத, மத்தவங்களும் நிறுத்திடுவாங்க," என்பார்.

இங்கே நான் எழுதப்போவது செப்டம்பரில் ஒரு வியாழக்கிழமை நடந்தது. அதற்கு முன்னால் வெள்ளை விரிப்புக் கதையைச் சொல்லிவிட வேண்டும்.

சுற்றுலா வேலையில் டோலினா சேர்ந்த முதல் வாரத்தில் ஒரு நாள் மூடுபனி ஏரியை முழுக்க மூடியிருந்தது. கோட்டையும் தெரியவில்லை, தண்ணீரும் தெரியவில்லை. பணம் கட்டி வந்தவர்கள் வெள்ளைச் சுவரைப் பார்ப்பதுபோல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கம்பெனி கொடுத்த தாளில் கோட்டையைப் பற்றி இருந்ததோ ஒன்பது வரி. மூன்று நிமிடத்தில் அது தீர்ந்துபோனது. நிறுத்தத்துக்கு இன்னும் பதினேழு நிமிடம் மிச்சம். அப்போது டோலினா வாய்க்கு வந்ததைச் சொல்ல ஆரம்பித்தார். கோட்டையில் மார்சலி என்று ஒரு பெண் இருந்தாளாம். புருஷன் படகில் போயிருக்கும்போது மேல் ஜன்னலில் வெள்ளை விரிப்பைத் தொங்கவிடுவாளாம். ஒரு விரிப்பு என்றால் வீட்டில் எல்லாரும் நலம். இரண்டு என்றால் உடனே வா. ஒரு நாள் இரண்டு விரிப்பைப் பார்த்து அவன் துடுப்பு முறியும் அளவுக்கு வலித்து வந்தானாம். சரியான நேரத்துக்கு வந்து சேர்ந்தானாம். குழந்தையும் தாயும் பிழைத்தார்களாம்.

அன்று வேனில் இரண்டு பேர் அழுதார்கள். மறுநாள் வெயில் அடித்தது, இருந்தும் டோலினா அதே கதையைச் சொன்னார். அடுத்த கோடைக்குள் மற்ற ஓட்டுநர்களும் சொன்னார்கள். பிறகு அது ஊர்க் கடையில் விற்கும் பாத்திரம் துடைக்கும் துண்டு மீது அச்சாகிவிட்டது. கோட்டை, ஜன்னல், வெள்ளை விரிப்பு எல்லாம் நீல நிறத்தில். அதைப் பார்த்தபோது டோலினாவுக்குச் சிரிப்பு வரவில்லை என்று எனக்கு நினைவிருக்கிறது.

இந்தக் கோடையில் வரலாற்று ஆசிரியர் ஒருவர் கம்பெனிக்குக் கடிதம் எழுதினார். அந்த மேல் மாடியே கதையில் சொல்லும் காலத்துக்கு நூறு வருடம் கழித்துக் கட்டியது, அப்படி ஒரு பெண் எந்த ஆவணத்திலும் இல்லை, இப்படிப் பொய் சொல்லி ஊர் சுற்றிக் காட்டலாமா என்று. கம்பெனி டோலினாவைக் கூப்பிட்டுத் தாளில் உள்ளதை மட்டும் சொல்லச் சொன்னது. மீறினால் ஏரி வழித்தடம் வேறு ஆளுக்குப் போகும், அவர் விமான நிலையத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் வண்டியை ஓட்ட வேண்டியதுதான். சோதித்துப் பார்க்க ஒருவர் வேனில் வருவார் என்றும் சொன்னார்கள்.

"ஏர்போர்ட் வண்டின்னா சம்பளம் கூடத்தானே?" என்று நான் கேட்டேன்.

"கூடத்தான். ஆனா அந்த ரோட்டுல ஏரி இல்லையே," என்றார். அவர் எதையாவது இழக்கப் பயந்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

அந்த வியாழக்கிழமை வந்த சோதனைக்காரர் பெயர் கில்கிரிஸ்ட். மெலிந்த ஆள், மழைச்சட்டையைக் கழுத்துவரை பொத்தான் போட்டிருந்தார். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து முழங்காலில் குறிப்பேட்டை விரித்துக்கொண்டார். அவருக்கு முன்னால் கனடாவின் சஸ்காச்சுவானிலிருந்து வந்த வெண்டல் கிராஸ் என்ற பெரியவர். எண்பதை நெருங்கிய வயது, தனியாக வந்திருந்தார். வேனில் ஏறும்போதே, "கோட்டைக்கு எத்தனை மணிக்குப் போவோம்?" என்று கேட்டார். அரை மணி கழித்து மறுபடியும் கேட்டார்.

"கோட்டை எங்கேயும் ஓடிப்போகாதுங்க," என்றார் டோலினா. "நானூறு வருஷமா அங்கயேதான் நிக்குது. அதுக்குப் போக இடமில்ல."

ஒற்றைத் தடச் சாலையில் எதிரே வண்டி வந்தால் ஒதுங்கி நின்று, ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் தூக்கி நன்றி சொல்வது இங்கே வழக்கம். அன்று டோலினா ஐந்து விரலையும் தூக்கினார். பதற்றமாக இருக்கிறார் என்று எனக்குப் புரிந்தது. நெடுங்கல் வட்டத்தில் ஒவ்வொரு கல்லின் உயரத்தையும் தாளில் இருந்தபடியே ஒப்பித்தார். ஒரு பெண், "இங்க பேய் எல்லாம் உண்டா?" என்று கேட்டாள். வேறு நாளாக இருந்தால், "உண்டு, வியாழக்கிழமை அதுக்கு லீவு," என்று சொல்லியிருப்பார். அன்று, "அதுக்கு ஆதாரம் இல்லைங்க," என்றார். கில்கிரிஸ்ட் ஏதோ எழுதினார். அந்தப் பெண் முகம் சுருங்கியது.

பன்னிரண்டரைக்கு வாரா ஏரிக்கு வந்தோம். வானம் தெளிவாக இருந்தது. கரையோரப் பாறையில் கோட்டை, அக்கரையில் சாலை எதுவும் இல்லாத மலைச்சரிவு. எல்லாரும் இறங்கினோம். ஓட்ஸ் பிஸ்கட்டும் பாலாடைக்கட்டியும் பிரித்துச் சாப்பிட ஆரம்பித்தார்கள். டோலினா கோட்டையைப் பற்றிய ஒன்பது வரியைச் சொல்லி முடித்தார்.

வெண்டல் கை தூக்கினார், வகுப்பில் தூக்குவதுபோல. "அந்த ஜன்னல் எதுங்க?"

"எந்த ஜன்னல்?"

"விரிப்பு தொங்கவிட்ட ஜன்னல். என் பொண்டாட்டி அஞ்சு வருஷம் முன்னாடி அவ தங்கச்சியோட இதே வேன்ல வந்தா. லொரெய்ன்னு பேரு. உங்களுக்கு ஞாபகம் இருக்காது."

டோலினா தாளை மடித்தார்.

"ஊருக்கு வந்து இந்தக் கதைய எனக்குச் சொன்னா. அப்புறம் அவளுக்கு உடம்பு முடியாம போச்சு. அந்த வருஷம் தொற்று பரவுதுன்னு ஆஸ்பத்திரிக்குள்ள யாரையுமே விடல. அவ மூணாவது மாடி. நான் கீழ, காரை நிறுத்திட்டு நிப்பேன். காலைல நர்ஸ்கிட்ட சொல்லி ஜன்னல்ல ஒரு வெள்ளைத் துண்டு போடச் சொல்லுவா. ஒண்ணு இருந்தா நான் வேலைக்குப் போவேன்." கோட்டையை நிமிர்ந்து பார்த்தார். "நாப்பத்தோரு நாள் ஒண்ணுதான் இருந்துச்சு. அப்புறம் ரெண்டாச்சு, அப்பவும் என்னை உள்ள விடல. அதான் அந்த ஜன்னலைப் பார்த்துட்டுப் போலாம்னு வந்தேன்."

பிஸ்கட் உறைகளின் சலசலப்பு நின்றுவிட்டது. கில்கிரிஸ்ட் பேனாவைப் பிடித்தபடி டோலினாவைப் பார்த்தார். மேலே இருந்த ஒரு ஜன்னலைக் கைகாட்டினால் போதும், அந்த மனிதர் நிறைவாக ஊர் திரும்பியிருப்பார். டோலினாவுக்கு ஏரி போயிருக்கும். "அப்படி ஒரு கதை தாளில் இல்லை" என்று சொன்னால் ஏரி தப்பியிருக்கும். நான் அவருடைய கையைப் பார்த்தேன். மைக்கைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"கோட்டைல அப்படி ஜன்னல் இல்லீங்க," என்றார். "மார்சலின்னு யாரும் இல்ல. நான்தான் கட்டிவிட்டேன்."

வெண்டலின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

"ஆனா விரிப்பு இருந்துச்சு. நீங்க தப்பான பக்கம் பார்க்கறீங்க. இப்படித் திரும்புங்க." அவருடைய தோளைப் பிடித்து ஏரியின் பக்கம் திருப்பினார். "அக்கரைல ரெண்டு மரம் தெரியுதா? அதுக்கு இடது பக்கம் ஒரு மொட்டைச் சுவர். அது எங்க வீடு."

அடுத்த வீட்டில் இத்தனை வருடம் இருந்தும் இது எனக்குத் தெரியாது.

"அங்க ரோடு கிடையாது, அப்பல்லாம் போனும் கிடையாது. அப்பா இந்தப் பக்கம் மரம் நடற வேலைக்குப் படகுல வருவாரு. அம்மா வீட்டுக்கு மேல புல்லுச் சரிவுல விரிப்ப விரிச்சு நாலு மூலைலயும் கல்லு வெப்பாங்க. ஒண்ணுன்னா சாப்பாடு ரெடி. ரெண்டுன்னா உடனே வா. அந்தப் பக்கம் எல்லா வீட்லயும் அப்படித்தான். எனக்கு ஆறு வயசு இருக்கும்போது அம்மாவுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே வலி வந்துருச்சு. நான்தான் ரெண்டாவது விரிப்ப இழுத்துட்டுப் போய் விரிச்சேன். கல்லெல்லாம் சரியா வெச்சேன். அப்புறம் திரும்பிப் பார்த்தா ஏரியே இல்ல. மூடுபனி."

டோலினா அக்கரையைக் காட்டிய கையை இறக்கினார்.

"மூணு மணிக்கு மேலதான் விலகுச்சு. அதுக்கப்புறம்தான் அப்பாவுக்குத் தெரிஞ்சுது. பொறந்த தம்பி சாயங்காலம்வரைக்கும் இருந்தான். அதான் நான் சொன்ன கதைல மார்சலி புருஷன் சரியான நேரத்துக்கு வந்துருவான்."

வெண்டல் அக்கரையை வெகுநேரம் பார்த்தார். "உங்கப்பா வந்தாரு இல்ல?"

"வந்தாரு. உள்ளங்கை ரெண்டும் தோலு உரிஞ்சுபோய் வந்தாரு."

"தம்பி உயிரோட இருக்கும்போதே?"

"ஆமா. கையில வாங்கிக்கிட்டாரு."

"அப்ப அவரு வந்துட்டாரும்மா," என்றார் வெண்டல். "என்னை உள்ள விடல. அவரு வந்துட்டாரு."

டோலினா தலையை ஆட்டினார். பிறகு வெண்டல் தன் கையை நீட்ட, இவர் அதைப் பிடித்துக்கொள்ள, இருவரும் அந்த மொட்டைச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பேய் கேட்ட பெண் தன் குடுவையிலிருந்து தேநீர் ஊற்றி இரண்டு பேருக்கும் கொண்டுபோய்க் கொடுத்தாள். ஒரு இளைஞன் மட்டும், "அப்ப கோட்டைல ஒண்ணுமே நடக்கலையா?" என்று தன் நண்பனிடம் கேட்டான், ஏமாற்றத்தோடு. அன்று பதினொரு நிமிடம் தாமதமாகக் கிளம்பினோம்.

ஊரில் இறங்கும்போது கில்கிரிஸ்ட், "முடிவு கடிதத்துல வரும், மிஸஸ் கெடஸ்," என்று மட்டும் சொன்னார்.

கடிதம் வரவில்லை. எட்டு நாள் கழித்து அவரே தொலைபேசியில் அழைத்தார். டோலினா வீட்டுச் சமையலறையில் நானும் இருந்தேன். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டே பேசினார்.

"வழித்தடம் உங்ககிட்டயே இருக்கும்," என்றார் கில்கிரிஸ்ட். "மார்சலி கதை இனிமே யாரும் சொல்லக்கூடாதுன்னு எல்லா டிரைவருக்கும் சொல்லியாச்சு."

டோலினா கத்தியைக் கீழே வைத்தார். "சரிங்க. நன்றிங்க."

"இன்னொண்ணு. நீங்க சொன்னது உண்மையா நடந்தது. தாள்ல சேர்த்துடலாம்னு பார்க்கறோம். உங்க வீட்டுப் பேரு, வருஷம், அம்மா பேரு கொடுத்தீங்கன்னா, அந்த நிறுத்தத்துல எல்லாரும் அதைச் சொல்லலாம். நல்லா இருக்கும்."

"வேண்டாம், மிஸ்டர் கில்கிரிஸ்ட்."

"ஏன்? நல்ல விஷயம்தானே?"

"தாள்ல போட்டா நான் தினமும் சொல்லியாகணும். சில நாள் என்னால சொல்ல முடியும். சில நாள் முடியாது."

"முடியாத நாள்ல என்ன செய்வீங்க?"

"அதான் ஒன்பது வரி இருக்கே," என்றார் டோலினா. "அத சொல்லிட்டு, எல்லாரையும் போட்டோ எடுக்க விட்டுட்டு, நான் ஏரியப் பார்த்து நின்னுப்பேன்."