கடைசிச் சக்கரமும் தண்ணீர் லாரியும்

பிள்ளைகளே, உங்கள் மாமா துபாயிலிருந்து அனுப்பிய பொம்மை நீராவி ரயில் எஞ்சின் ஓடிய நாள் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அன்று மத்தியானம் நடந்தது தெரியாது. நீங்கள் ஸ்கூலில், அம்மா ஆபீஸில்.

அது பெட்டியில் துண்டு துண்டாகத்தான் வந்தது. நைட் ஷிப்ட் முடிந்து வந்து, தூங்கியது போக மிச்ச நேரத்தில் உட்கார்ந்து சேர்த்தேன். புகைபோக்கி, மணி, பக்கவாட்டுக் கம்பி எல்லாம் பொருத்திப் பெயிண்டும் அடித்தாயிற்று. கடைசி ஜோடிச் சக்கரம்தான் பாக்கி. வலது சக்கரத்துக்கும் இடது சக்கரத்துக்கும் சரியாகக் கால் சுற்று வித்தியாசம் இருக்க வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் முன்பின் சக்கரங்களைச் சேர்க்கும் தண்டு இறுகிக்கொள்ளும், எஞ்சின் நகராது. அச்சில் பசை வைத்து, அது காயும்வரை இரண்டு கையாலும் அசையாமல் பிடிக்க வேண்டும். கோணலாக ஒட்டிவிட்டால் வேறு சக்கரத்துக்கு நான் எங்கே போவேன்? நீங்களோ சாயங்காலம் ஓட்டிக் காட்டுவதாகத் தெருப் பிள்ளைகளை எல்லாம் கூப்பிட்டு வைத்திருந்தீர்கள்.

பசை வைத்துப் பிடித்தேனோ இல்லையோ, தெருவில் ஹாரன் சத்தம்.

அந்தக் கோடையில் நம் அஸ்தினாபுரத்தில் கிணறெல்லாம் வற்றி, லாரித் தண்ணீர்தான் கதி. முந்தின நாள் அதுவும் வரவில்லை. வீட்டில் ஒரு சொம்புத் தண்ணீர் இருந்தது.

எஞ்சினைப் பிடித்தபடியே எழுந்தேன். காலிக் குடங்களைக் காலால் உருட்டிக்கொண்டு தெருவுக்கு வந்தேன்.

எதிர்வீட்டு அக்கா சிரித்தார். "இன்னா சார், பச்சக் கொழந்தய தூக்கினு வர்ற மாதிரி வர்ற?"

"பசை காயலக்கா. கைய எடுத்தா கோணிக்கும்."

லாரிக்காரப் பையன் ஹோஸோடு நின்றான். "பொம்ம வோணுமா, தண்ணி வோணுமா? சீக்கிரம் சொல்லு சார், இன்னும் ரெண்டு தெரு கீது."

பின்னால் நின்றவர்கள் முண்டினார்கள். யாரோ முழங்கையில் இடித்தார்கள். கட்டைவிரல் மரத்துப்போயிருந்தது, சக்கரம் நகர்ந்ததா இல்லையா என்றே தெரியவில்லை. எஞ்சினைக் கீழே வைத்துவிடலாம் என்று குனிந்தேவிட்டேன்.

"வெக்காத சார்!" அக்கா தன் குடத்தை ஒதுக்கிவிட்டு நம் குடத்தை ஹோஸுக்கடியில் தள்ளினார். "எங்க வூட்லயும் ரெண்டு வாலுங்க நேத்துலேர்ந்து ரயிலு ரயிலுன்னு உசுர எடுக்குதுங்க."

ஒவ்வொன்றாக நிரப்பி அவரே நம் வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்தார். ஒதுக்கிவைத்த தன் கடைசிக் குடத்தை அவர் வைத்தபோது ஹோஸ் காற்றைத்தான் துப்பியது. "போவட்டும்," என்று காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போனார்.

சாயங்காலம் நீங்கள் எஞ்சினைத் தண்டவாளத்தில் வைத்து, பேட்டரிக் கம்பியை அதில் தொடவைத்தீர்கள். எஞ்சின் ஒரு தரம் உதறி நின்றது. பிறகு தண்டு மெல்ல ஏறி இறங்க, ஓட ஆரம்பித்தது. தெருவே நம் கூடத்தில் நின்று கத்தியது, அக்கா உள்பட.

நான் பின்பக்கமாக ஒரு குடத்தைத் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனேன். வாசலில் கவிழ்த்திருந்த அவர் குடத்தை நிமிர்த்தி, வாய்வரை ஊற்றிவிட்டுத் தட்டால் மூடினேன்.