தோதகத்திக் கோலுக்குத் தேன் நிறத் தோல்

பேங்கில் வேலை பார்க்கும் என் பேரன் நேற்று நீளமான துணி உறை ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தான். உருவிக் காட்டினான். பில்லியர்ட்ஸ் ஆடுகிற கோல். பலாச்சுளை மாதிரி வெளிறின மரம், கைபிடிக்கிற இடத்தில் ரத்தச் சிவப்பாக ஒரு தோல் சுற்று. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எலே, எந்தப் படுபாவி இந்த மரத்துக்கு இந்தத் தோலச் சுத்துனான்?" என்றேன்.

"ஒங்களுக்கு இதப் பத்தி என்ன தெரியும் ஆச்சி?" என்று சிரித்தான்.

என்ன தெரியுமா? எனக்கு எழுத்து ஒன்றுதான் தெரியாது. அதனால்தான் நான் சொல்லச் சொல்ல இதைப் பேத்தி எழுதுகிறாள். இந்தச் சிறுக்கியும் இப்போது வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். சிரிக்கட்டும். கோலை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தேன். புதுத் தோல் வாசம். அதோடு என் மாமியார் வீட்டு மாட்டுத்தொழுவம் கண் முன்னால் வந்து நின்றது.

நான் கல்யாணமாகி டவுனுக்கு வந்த புதிது. வெள்ளைக்காரன் காலம். வீட்டுக்காரருக்குப் பாளையங்கோட்டையில் துரைமார் கிளப்பில் மார்க்கர் வேலை. துரைமார் பந்தைத் தட்டுவார்கள், இவர் பக்கத்தில் நின்று புள்ளி சொல்ல வேண்டும், பலகையில் முள்ளை நகர்த்த வேண்டும், கோல் நுனிக்குச் சுண்ணக்கட்டி தேய்த்துக் கொடுக்க வேண்டும். எல்லாம் செய்யலாம். ஆடக் கூடாது. மெம்பர் மட்டும்தான் ஆடலாம், மெம்பராக வெள்ளைத் தோல் வேண்டும்.

அவருக்கோ ஆட்டம் என்றால் உயிர். வீட்டு விசிப்பலகையில் மூன்று புன்னைக்காயை வைத்து, ஒன்றுக்குக் குங்குமம் பூசி, மூங்கில் குச்சியால் தட்டிக்கொண்டிருப்பார். "ஏளா, இப்பம் பாரு, அதத் தட்டி இதுல மோதி அங்கன போகும்" என்பார். காய் வேறெங்கோ உருண்டு அடுப்புக்குள் போகும். எனக்குச் சிரிப்பு அடங்காது. "சமமான பலகையா இருந்தாப் போயிருக்கும்" என்பார், முகத்தில் அவ்வளவு வருத்தம்.

அந்த வருஷம் சித்திரை வெயிலில் துரைமார் கை வேர்த்து வேர்த்துக் கோல் வழுக்கியதாம். மதுரையிலிருந்து வேறு துரைமார் பந்தயத்துக்கு வருகிறார்கள். கிளப்புச் செகரட்டரி துரை இவரைக் கூப்பிட்டு, கோல்களுக்குப் பிடிதோல் சுற்ற வேண்டும், அந்தந்த மரத்துக்குப் பொருத்தமாக, பார்க்க லட்சணமாக இருக்க வேண்டும் என்று சொன்னான். நன்றாக அமைந்தால் பந்தயம் முடிந்ததும் நீ ஒரு ஆட்டம் ஆடிக்கொள் என்றும் சொன்னான். அன்றைக்கு இவர் ஆற்றுப் பாலம் தாண்டி ஓட்டமாக வந்தார்.

"ஒரே ஒரு ஆட்டம்ளா. அந்த மேசையில. எங்கையால."

சரி, நிறம் யார் பார்ப்பது? இவருக்குப் பச்சைக்கும் ஊதாவுக்கும் வித்தியாசம் தெரியாது. என் கல்யாணச் சேலையை "அந்தக் கருப்புச் சேலை" என்று சொன்ன மனுஷன். அது அரக்கு! அதனால் கோல்களை வீட்டுக்கே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். குதிரைச் சேணம் தைக்கிற யாக்கோபு தோல்களைச் சாக்கில் சுருட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

அங்கேதான் என் மாமியார். எங்கள் வீடு சைவ வீடு. தோல் நிலைப்படி தாண்டக் கூடாது. இவர் வேலை முடிந்து வரும்போதே கொக்கிரகுளத்து ஆற்றுப் படித்துறையில் முங்கிவிட்டுத்தான் வீட்டுக்குள் வர வேண்டும், கோல் நுனியில் துளியூண்டு தோல் இருக்கிறதே, அதற்காக.

"தோலு தொழுவத்தோட நிக்கட்டும். அவனும் அங்கனயே நிக்கட்டும்" என்றாள் அத்தை.

எனக்குப் பொறுக்கவில்லை. "கோயில்ல அடிக்காவளே தவிலு, அது என்ன அத்த, வாழப்பட்டையிலயா கட்டியிருக்கு?"

"வாய மூடுளா. அது சாமி முன்னால இருக்குத தோலு."

வெளியே நின்ற யாக்கோபு விழுந்து விழுந்து சிரித்தார். "தாயி, அந்தத் தவிலுக்கும் எங்க சொக்காரன்தான் தோலு கொடுத்தான். சாமி ஒண்ணும் சொல்லலியாம்."

தொழுவத்தில் வைக்கோல் மேல் கோல்களைப் பரப்பி, தோல் துண்டுகளை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். அந்தச் சந்தோஷத்தை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. ஜவுளிக்கடையில் சேலைக்குக் கரை பார்க்கிற மாதிரிதான். கருங்காலிப் பிடிக்கு அரக்குத் தோல், கருத்த பெண்ணுக்கு அரக்குக் கரை எடுக்குமே, அப்படி. வெளிறின சீமை மரத்துக்குப் புளியங்கொட்டை நிறம். யாக்கோபு அதற்குச் சிவப்பை எடுத்து நீட்டினார். "வேண்டாம் அண்ணாச்சி, காயம்பட்ட மாதிரி இருக்கும்" என்றேன். தோதகத்தி, ஈட்டி என்றும் சொல்வார்களே, அந்த மரம்தான் என்னைத் திண்டாட வைத்தது. அதில் கறுப்பும் செம்மையுமாக வரி ஓடும். எந்த அழுத்தமான நிறத்தை வைத்தாலும் வரி செத்துப்போகிறது. கடைசியில் சாயமே ஏற்றாத ஆட்டுத்தோல், ஆவாரம்பட்டையில் பதம் போட்ட தேன் நிறம், அதை வைத்தேன். மரம் அப்படியே எழுந்து நின்றது. யாக்கோபு உடனே ஊசியை எடுத்துவிட்டார்.

தைத்து முடித்ததும் ஒரு நாள் நிழலில் காய வேண்டும். கிளப்புச் சாமான், கண்ணை விட்டு அகலக் கூடாது என்று இவர் தொழுவத்துச் சுவரிலேயே சாய்த்து வைத்தார். மறுநாள் வெள்ளிக்கிழமை. அத்தை விடியற்காலையில் குளித்து, வீடு முழுக்க மஞ்சள் தண்ணீர் தெளித்துக்கொண்டு தொழுவத்துக்கும் வந்திருக்கிறாள். தோலைப் பார்த்ததும் அதற்கென்று தனியாக, கை நிறைய அள்ளி அள்ளித் தெளித்திருக்கிறாள். தீட்டுப் போக வேண்டுமே!

நான் பால் கறக்கப் போனபோது பார்க்கிறேன். அரக்கிலும் புளியங்கொட்டை நிறத்திலும் ஒன்றும் தெரியவில்லை. தேன் நிறத் தோல் மட்டும்! சுண்ணாம்பில் ஊறி வந்த தோல்தானே, மஞ்சள் பட்ட இடமெல்லாம் ஆரத்தித் தண்ணீர் மாதிரிச் சிவந்து, பொட்டுப் பொட்டாக, அம்மை வார்த்த உடம்பு போல நின்றது. அன்றைக்குத்தான் பந்தயம்.

"போச்சுளா. எல்லாம் போச்சு" என்று இவர் தொழுவத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

"என்னல போச்சு? சுத்தமாயிருச்சு" என்றாள் அத்தை.

வேறு வழியில்லை, அப்படியே கொண்டுபோனார். நான் பகல் முழுக்கப் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. இருட்டுகிற நேரத்துக்கு வந்தார். முகத்தைப் பார்த்து எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. நடந்தது இதுதான். மதுரைத் துரை அத்தனை கோலையும் விட்டுவிட்டுப் பொட்டு விழுந்த கோலைத்தான் எடுத்திருக்கிறான். இது என்ன மிருகத்துத் தோல், இவ்வளவு அழகாக இருக்கிறதே என்று தடவித் தடவிப் பார்த்திருக்கிறான். நம் செகரட்டரி கொஞ்சமும் கூசாமல், மலையில் கிடைக்கிற ஒரு மான், மரத்துக்குப் பொருத்தமாக நானே தேர்ந்தெடுத்தேன் என்றானாம்! நானே! என் மாமியார் தெளித்த மஞ்சள் தண்ணீர் அவனுக்கு மானாகிவிட்டது. எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது.

"அது கெடக்கட்டும். நீங்க ஆடுனியளா?" என்றேன்.

ஆடவில்லை. பந்தயம் முடிந்ததும் இவர் அந்தத் தேன் நிறக் கோலைக் கையில் எடுத்துக்கொண்டு மேசைப் பக்கம் போயிருக்கிறார். செகரட்டரி பார்த்துவிட்டுச் சிரித்தானாம். மற்ற துரைமாரிடம் என்னவோ சொன்னானாம், அவர்களும் சிரித்தார்களாம். பிறகு மேசைக்கு மூடுதுணி போடச் சொன்னான். இவரையேதான் போடச் சொன்னான். போட்டுவிட்டு வந்திருக்கிறார்.

அதைக் கேட்டு அத்தை போட்ட சத்தம் தெருக்கோடி வரை கேட்டது. "எம் மவன் கைபட்டா அந்த மேசை தீட்டாயிருமாக்கும்? அவன் என்ன கொறஞ்சவனா? யாரு வீட்டுப் பிள்ளை தெரியுமா!"

அந்த நேரம் பார்த்து, தோல் எப்படி அமைந்தது என்று கேட்க யாக்கோபு வந்து தொழுவத்தடியில் நின்றார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றார். "நல்லாக் கேட்டிய ஆச்சி" என்றார். "கொஞ்சம் குடிக்கத் தண்ணி தாங்க."

அத்தை உள்ளே போய்ச் செம்பு நிறையக் கொண்டுவந்தாள். எட்ட நின்று குனிந்து தரையில்தான் வைத்தாள். வாய் அந்தச் செகரட்டரியைத் திட்டிக்கொண்டேதான் இருந்தது. யாக்கோபு செம்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். குடிக்காமல் போய்விட்டார். நான் அந்தச் செம்பை எடுத்து அவர் கையில் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்காதீர்கள். பதினைந்து வயது மருமகளை என்ன செய்வார்களோ அதைச் செய்திருப்பார்கள். செகரட்டரி மேல் உள்ள கோபத்தைவிட அந்தச் செம்பு மேல் உள்ள கோபம்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இவர் வேலையை விடவில்லை, அரிசிக்கு எங்கே போக? அந்த மேசையைச் சுற்றியே தலை நரைத்தது. வெள்ளைக்காரன் போன பிறகு ஒரு நாள் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு, வேலைக்கு அல்ல, ஆடவென்றே கிளப்புக்குப் போனார். இப்போது நம் ஆட்கள்தானே! புதுச் செகரட்டரி நம்ம ஊர்க்காரர். "அண்ணாச்சி மெம்பரா?" என்று கேட்டாராம். மரியாதையாகத்தான் கேட்டாராம். இவர் கும்பிட்டுவிட்டு வந்துவிட்டார்.

பிறகு மேசை கறையான் பிடித்து ஏலத்தில் போனது. பச்சைத் துணிக்கு அடியில் கல் பலகைகள் பதித்திருக்குமாம், கண்ணாடி மாதிரிச் சமமாக இருக்குமாம். அதில் ஒரு துண்டை ஒரு புரோட்டாக் கடைக்காரன் வாங்கி மாவு அடிக்கப் போட்டிருந்தான். இவர் கேள்விப்பட்டு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். சைவ மனுஷன், அந்தக் கடை வாசலில் நின்று, உள்ளங்கையை அந்தக் கல் மேல் பரக்க வைத்துக்கொண்டு அசையாமல் நின்றார். கையெல்லாம் எண்ணெய்.

"என்ன அண்ணாச்சி, சூடா ரெண்டு போடட்டா?" என்றான் கடைக்காரன்.

"வேண்டாம்டே. சமமாத்தான் இருக்கு" என்றார்.

அதற்கடுத்த வருஷம் அவர் போய்விட்டார். யாக்கோபு அதற்கு வெகு நாள் முன்பே போய்விட்டார். ரோட்டை அகலப்படுத்தினபோது அந்தக் கடையையும் இடித்துவிட்டார்கள். கல் எந்த வண்டியில் ஏறி எங்கே போனது என்று விசாரித்துப் பார்த்தேன். ஒருத்தருக்கும் தெரியவில்லை.