சகலையின் கம்ப்யூட்டருக்கு வாங்கிய விசிறி

அந்த ஸ்க்ரூ ஒரு மிளகு அளவுதான் இருக்கும். தலையில் கூட்டல் குறி, கழுத்தில் பொடிசாக ஒரு ஸ்பிரிங். அப்படி நான்கு ஸ்க்ரூக்களை என் சகலை, அதாவது என் மனைவியின் தங்கை புருஷன், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பொன்னேரியில் மாமனார் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து முடுக்கினார். ஒரு முழம் தள்ளி நான் உட்கார்ந்திருந்தேன். தப்பாக முடுக்குகிறார் என்று எனக்குத் தெரிந்தது. சொல்லவில்லை. இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ, வருஷம் சரியாக ஞாபகமில்லை. மற்றது எதுவும் மறக்கவில்லை.

எனக்குக் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஓர் உருக்காலையில் மெயின்டனன்ஸ் வேலை. உலையின் புகையை உறிஞ்சி வெளியே தள்ளுகிற புளோயர்கள் என் பொறுப்பில் இருந்தன. ஆள் உயரச் சக்கரம் சுற்றும். பேரிங்கில் ஒரே ஒரு குண்டு தேய்ந்திருந்தாலும் சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுவேன். அந்தக் கெட்டிக்காரத்தனம் ஆலையில் பெரிதாக எடுபடவில்லை, மாமனார் வீட்டில் எடுபட்டது. ஆண்பிள்ளை இல்லாத வீடு. மிக்சி நின்றாலும், மோட்டார் தண்ணீர் ஏற்றாவிட்டாலும், "பெரிய மாப்ளைக்கி ஒரு போன் போடு" என்பார் மாமியார். லீவு நாளில் ரயிலேறிப் போய்ச் சரிசெய்து கொடுத்துவிட்டு, வஞ்சிரக் குழம்பு சாப்பிட்டுவிட்டு வருவேன். என் மனைவிக்கு அதில் தலைகால் புரியாத பெருமை. அக்கம்பக்கத்து ரிப்பேருக்கெல்லாம்கூட என் பெயரில் வாக்குக் கொடுத்து வைத்திருப்பாள். எட்டு வருஷம் அந்த வீட்டுக்கு நான்தான் எல்லாம் தெரிந்தவன்.

அப்புறம் சகலை வந்தார். காக்களூரில் பிளாஸ்டிக் அச்சுகள் செய்கிற ஒரு கம்பெனியில் டிசைன் வேலை, எல்லாம் கம்ப்யூட்டரில். உயரமாக இருப்பார், சத்தம் போட்டுப் பேச மாட்டார், யார் எது சொன்னாலும் முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் பதில் சொல்வார். அவரிடம் குறை கண்டுபிடிக்க நான் எடுத்த சிரத்தையை வேலையில் எடுத்திருந்தால் ஃபோர்மேன் ஆகியிருப்பேன். என் மாமனார் காலைப் பேப்பரைத் தான் படித்து முடிக்கும்வரை யாருக்கும் தொடக் கொடுக்காதவர். சகலை வந்த இரண்டாவது மாதமே நடுத்தாளை உருவி அவரிடம் நீட்டினார். எனக்கு எட்டு வருஷத்தில் ஒரு தாள் கிடைத்ததில்லை. சிரிப்பீர்கள். எனக்கு அன்றைக்கு இட்லி இறங்கவில்லை.

மச்சினிக்குப் பிரசவம் தாய்வீட்டில் நடந்தது. பெண் குழந்தை. சகலை சனி, ஞாயிறு இரண்டு நாளும் பொன்னேரிக்கு வந்துவிடுவார். அப்போது அவர் கம்பெனியில் டிசைன் பிரிவுக்குப் பொறுப்பாளராக ஒருவரைப் போடப் போகிறார்கள் என்று பேச்சு. புது அச்சு ஒன்றின் முழு மாதிரியையும் கம்ப்யூட்டரில் வரைந்து, திரையில் இப்படியும் அப்படியும் திருப்பிக் காட்டு, பிடித்திருந்தால் இடம் உனக்கு என்று முதலாளி சொல்லியிருந்தாராம். அதனால் கம்ப்யூட்டரையே கொண்டுவந்து கூடத்தில் வைத்துவிட்டார். அந்த மாதிரித் திருப்பிக் காட்டும் வேலையைச் செய்வதற்கென்று உள்ளே கிராபிக்ஸ் கார்டு என்று ஒரு பலகை உண்டு. அதன் சூட்டைத் தணிக்க அதன்மேலேயே தீப்பெட்டி அகலத்துக்கு ஒரு விசிறி. சகலை படத்தைத் திருப்ப ஆரம்பித்தால் போதும், அது கீச்சென்று கத்தத் தொடங்கும். தூளியும் அதே கூடத்தில்தான் தொங்கியது.

"இன்னா மாப்ள இது, மாவு மில்லு கணக்கா கத்துது? புள்ள இப்பத்தான் கண்ண மூடுச்சி" என்றார் மாமியார்.

எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. விசிறி! என் சொந்தத் தொழில். குனிந்து காதை வைத்துக் கேட்டுவிட்டு, எல்லோர் காதிலும் விழும்படி சொன்னேன்: பேரிங்கில் கோளாறு இல்லை, சின்ன விசிறி, வேகமாகச் சுற்றினால்தான் போதுமான காற்று வரும், வேகமாகச் சுற்றினால் கத்தும். பெரிய விசிறியாகப் போட்டால் அதே காற்றை மெதுவாகச் சுற்றியே கொடுத்துவிடும். சகலை கண்ணை விரித்துக்கொண்டு கேட்டார். "கரெக்ட்டுண்ணா. அதுக்குன்னே தனியா கூலர் விக்கறாங்க. நீங்களும் வாங்களேன், போய்ப் பாத்து வாங்கிக்கினு வந்துடலாம்" என்றார்.

அடுத்த சனிக்கிழமை இரண்டு பேரும் ரயிலேறி சென்னைக்குப் போய் ரிச்சி தெருவில் கடை கடையாக ஏறி இறங்கினோம். அவர் கையில் இன்டர்நெட்டிலிருந்து எடுத்த நாலைந்து தாள்கள். என் பையில் வெர்னியர் அளவுகோல். ஒரு மாடிக் கடையில் மூன்று விதம் காட்டினார்கள். ஒன்று பிளாஸ்டிக் கூண்டு போட்டு, சூட்டைப் பெட்டிக்குப் பின்புறம் தள்ளிவிடுவது. பக்கத்தில் இருக்கும் கார்டுக்கு இடம் விடாது. இன்னொன்றுக்கு விசிறியே இல்லை, வெறும் குழாயும் தகடும்தான். நம் ஊர் மே மாதத்துக்கு அது தாங்காது என்று நான் தள்ளினேன். மூன்றாவது, மெல்லிய செம்புத் தகடுகளை வட்டமாக விரித்து அடுக்கி, நடுவில் உள்ளங்கை அகல விசிறி வைத்தது. வெர்னியரை எடுத்து ஓட்டைக்கு ஓட்டை அளந்து பார்த்தேன். கார்டின் அளவோடு சரியாக இருந்தது. அன்று முழுக்க அவர் என்னிடம் கேட்டுக் கேட்டுத்தான் எதையும் செய்தார். திரும்பும்போது கவரைப்பேட்டை தாண்டி என் வீட்டுக்குப் போய்ச் சேர்கிறவரை, இவர்மேல் எதற்கு நமக்கு இவ்வளவு எரிச்சல் என்றுகூட யோசித்தேன். அந்த நல்ல புத்தி மறுநாள் காலைவரைதான் நின்றது.

ஞாயிறு காலை நான் பொன்னேரிக்குப் போனபோது அவர் மாமியாரிடம் கூலரைக் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார்: "இதுல எனக்கு ஒண்ணும் தெரியாது அத்தை. எல்லாம் அண்ணன்தான் பாத்து எடுத்தாரு."

எனக்கு நியாயமாகக் கிடைக்க வேண்டிய பேர் அது, அவரே வாயால் கொடுத்துவிட்டார். மாமியார் திரும்பி என் மனைவியைப் பார்த்துச் சொன்னார்: "பாத்தியாடி, இத்தினி படிச்சிக்கினு, அண்ணன்தான் எடுத்தாருன்றாரு. கொஞ்சமாச்சும் கர்வம் இருக்குதா பாரு!"

போயிற்று. செய்தது நான், பாராட்டு அவருக்கு. விட்டுக்கொடுத்தாலும் அவருக்கே திரும்பி வருகிறது என்றால் மனுஷன் என்னதான் செய்வது? காபியை வாங்கி ஒரே மூச்சில் குடித்தேன். நாக்கு பொத்துப்போனதுகூடப் பிறகுதான் தெரிந்தது.

கூடத்தில் போர்வையை விரித்து வேலையை ஆரம்பித்தார். கார்டைக் கழற்றி, பின்பக்கத்து பிளாஸ்டிக் ஊசிகளைக் குறடால் நசுக்கி, பழைய விசிறியைப் பிடுங்கினார். சூட்டைக் கடத்துவதற்காகத் தடவியிருந்த பழைய பேஸ்ட் காய்ந்த சந்தனம் மாதிரி ஒட்டியிருந்தது. குழந்தையின் தொப்புளுக்கு வைத்திருந்த ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டு அதைத் துடைத்தார். அடியில் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சதுரமாக ஒரு சில்லு, முகம் தெரிகிற பளபளப்பு. அதுதான் கார்டின் உயிர். மேலே மூடி கிடையாது. கண்ணாடி போல உடையக்கூடியது. அதில் ஒரு பொட்டு புது பேஸ்ட் வைத்து, கனமான செம்புக் கூலரை வைத்து, அப்படியே தலைகீழாகத் திருப்பி, முதல் ஸ்க்ரூவைக் கடைசிவரை முடுக்கினார். பிறகு அதற்குப் பக்கத்து ஸ்க்ரூவுக்குப் போனார்.

ஒரு மூலையை முழுசாக முடுக்கினால் எதிர் மூலை தூக்கும். பாரம் மொத்தமும் ஓர் ஓரத்தில் இறங்கும். இங்கே கொஞ்சம், எதிர் மூலையில் கொஞ்சம், மறுபடி இங்கே கொஞ்சம் என்று மாற்றி மாற்றித்தான் முடுக்க வேண்டும். புளோயர் மூடியின் பதினாறு போல்ட்டையும் அப்படித்தான் போடுவோம். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே திட்டு வாங்கிக் கற்றுக்கொண்டது. சகலை வரைவதில் சூரர், ஸ்பேனர் பிடித்துப் பழக்கமில்லை.

அவர் நிமிர்ந்து, "சரிதானேண்ணா?" என்று கேட்டார்.

"ம்" என்றேன்.

அது உடைய வேண்டும் என்று நினைக்கவில்லை. இன்றுவரை எனக்கு நானே சொல்லிக்கொள்வது இதுதான். கூலர் கோணலாக உட்காரும், சூடு ஏறும், கம்ப்யூட்டர் நின்றுபோகும், "பெரிய மாப்ள, நீங்க கொஞ்சம் பாருங்க" என்பார்கள், எல்லோர் முன்னாலும் நான்கையும் தளர்த்தி முறைப்படி முடுக்கிக் காட்டலாம் என்றுதான் கணக்குப் போட்டேன். மூன்றாவது ஸ்க்ரூவில் 'டிக்' என்று ஒரு சத்தம். நகத்தைக் கடித்தால் வருமே, அவ்வளவுதான். வேறு யாருக்கும் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது.

கார்டை மாட்டி சுவிட்சைப் போட்டார். புது விசிறி அலுங்காமல் சுற்றியது. மாமியார் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். "அட, ஓடறதே தெரிலயே!" குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. என் மனைவி என்னைப் பார்த்துச் சிரித்தாள், தன் புருஷன் எடுத்த சாமான் என்று. திரையில் மட்டும் படம் வரவில்லை. அணைத்துப் போட்டார், வரவில்லை. கழற்றிப் பார்த்தால், சில்லின் ஒரு மூலையில் நொய்யரிசி அளவுக்குத் துண்டு பெயர்ந்திருந்தது. சகலை அதை உள்ளங்கையில் வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மறுநாள்தான் முதலாளியிடம் காட்ட வேண்டிய நாள். திருவள்ளூரில் ஒரு நண்பரிடம் பழைய கார்டு ஒன்றை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு போனார். திரையில் படம் நகராமல் விக்கி விக்கி நின்றதாம். பொறுப்பு வேறொருவருக்குப் போயிற்று. இரண்டு வருஷம் அந்த ஆளுக்குக் கீழேயே வேலை பார்த்தார்.

என் மாமனார் அன்று சாப்பிடும்போது தீர்ப்பு சொன்னார். "பெரிய மாப்ள பக்கத்துலயே குந்திக்கினு இருந்தாரு, அவருக்கே தெரில. அவரும் பாவம் இன்னா பண்ணுவாரு? அவருக்குப் பெரிய மிஷினுதான் தெரியும்."

தெரியும் என்று சொன்னால் நான் அயோக்கியன். தெரியாது என்றால் முட்டாள். முட்டாளாகவே இருந்துவிட்டேன். அடுத்த மாதம் அந்த வீட்டு மோட்டார் நின்றபோது கடைத்தெருவிலிருந்து ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். எங்களுக்குப் பதினைந்து நாள் கழித்துத்தான் தெரிந்தது. "உங்களுக்கு எதுக்கு செரமம்னு உட்டுட்டாங்களாம்" என்றாள் மனைவி, கீரை ஆய்ந்த கையை நிறுத்தாமல். அதற்கப்புறம் அந்த வீட்டிலிருந்து எனக்கு ரிப்பேருக்கென்று ஒரு போன் வந்ததில்லை.

சகலை இப்போது ஒரகடம் பக்கம் ஒரு பெரிய கம்பெனியில் மேனேஜர். திருவள்ளூரில் சொந்த வீடு. எந்த விசேஷத்தில் கூடினாலும் அந்தக் கதையைச் சொல்லாமல் விடமாட்டார், தன்னைத்தானே கிண்டல் செய்துகொண்டு. இந்தப் பொங்கலுக்கு எல்லோரும் அவர் வீட்டில் இலை போட்டு உட்கார்ந்திருந்தோம். அன்று தூளியில் கிடந்த பெண்ணுக்கு இப்போது புது கம்ப்யூட்டர் வேண்டுமாம், பாகங்களைத் தானே வாங்கிப் பூட்டப் போகிறாளாம். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "யார வேணா கேளு, பெரியப்பாவ மட்டும் கேக்காத. 'ம்'ன்னுவாரு, அதோட கார்டு காலி."

இலை இலையாகச் சிரிப்பு. மனசாட்சி உறுத்தியதால் சொன்னேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். ரோஷத்தில்தான் சொன்னேன்.

"எனக்குத் தெரியும் சகல. மொத ஸ்க்ரூவ நீங்க முழுசா முடுக்கும்போதே தெரியும். வேணும்னுதான் சொல்லல."

சகலை முன்னைவிடப் பலமாகச் சிரித்தார். "உடுங்கண்ணா. இத்தினி வருசம் யோசிச்சி இப்பத்தான் கண்டுபுடிச்சீங்களாக்கும்? வேணும்னு செய்யற ஆளா நீங்க? உங்களுக்கு அந்த மாரிலாம் மனசு வராதுண்ணா." உள்ளே திரும்பி, "அண்ணனுக்கு இன்னொரு வடை வைம்மா" என்றார்.

அவருடைய படிப்பு, வேலை, மாமனார் நீட்டிய பேப்பர் எல்லாவற்றின் மேலும் எனக்குப் பொறாமை இருந்தது. அந்த இலைக்கு முன்னால் உட்கார்ந்தபோது எல்லாவற்றையும்விட அதிகமாக இன்னொன்றின் மேல் வந்தது. தனக்கு அப்படித் தோன்றாது, அதனால் எனக்கும் தோன்றியிருக்காது என்று சந்தேகமில்லாமல் நம்புகிறாரே, அதன்மேல்.

கொல்லைப்புறம் கை கழுவப் போனேன். என் மனைவி துண்டோடு பின்னாலேயே வந்தாள். அவள் மட்டும் சிரிக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"நெஜமாவே தெரியுமா?" என்றாள்.

"தெரியும்."

துண்டை என் கையில் கொடுக்காமல் கொடிக்கயிற்றில் போட்டுவிட்டு, தங்கைக்குப் பாத்திரம் ஒழிக்க உள்ளே போனாள்.