மஞ்சள் பாலைக் கீழே வை

மகேஸ்வரி ரயில்வே அலுவலகத்தில் தலைமை எழுத்தர். ஒரு கையெழுத்து குறைந்தாலும் ஃபைலைத் திருப்பி அனுப்பிவிடுவாள். கெஞ்சினாலும் சரி, சந்தேஷ் இனிப்பு டப்பாவை நீட்டினாலும் சரி, மசியமாட்டாள். வங்காளிகள் நிறைந்த கார்டன் ரீச்சில் அவள் குடியிருக்கும் சந்தில் அவளுக்கு வேறொரு பெயர் உண்டு. 'தாந்தெர் டாக்தார்', அதாவது பல் டாக்டர். காலையில் அலுவலகம் கிளம்பும்போது பிஸ்கட்டோடு இறங்குவாள். சந்து நாய்கள் ஒவ்வொன்றாக வரும். உதட்டைத் தூக்கி, ஈறை விரலால் அழுத்தி, விட்டுவிட்டு மனசுக்குள் எண்ணுவாள். வெளுத்த இடம் இரண்டு எண்ணுவதற்குள் மறுபடி சிவந்தால் பிஸ்கட் உண்டு. சில நாய்கள் இப்போது தாமே உதட்டைத் தூக்கிக்கொண்டு வருகின்றன என்று டீக்கடைக்காரர் சொல்வது மட்டும் கொஞ்சம் கூடுதல்.

இந்தக் கிறுக்கு பிடித்து மூன்று வருஷமாகிறது. அவள் வளர்த்த டிக்கியை ஒரு லாரி தட்டிவிட்டது. டிக்கி எழுந்து, தானே நடந்து மாடியேறி வந்து, வாலைக்கூட ஆட்டியது. தப்பித்துவிட்டது என்று மகேஸ்வரி மாரியம்மனுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுச் சூடான பாலில் மஞ்சள் கலந்து கொடுத்தாள். நம் வீடுகளில் யாருக்கு அடிபட்டாலும் முதலில் அடுப்பைத்தானே பற்றவைக்கிறோம்! டிக்கி பாதியைக் குடித்து, வாந்தியெடுத்து, பிறகு அடங்கிப் படுத்துக்கொண்டது. தூங்கட்டும் என்று விட்டாள். இரண்டு மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது.

லாரி அடித்துச் செத்தது என்றுதான் சந்து முழுக்கச் சொன்னது. அவளும் மறுக்கவில்லை. ஆனால் அடுத்த வாரமே ஒரு கால்நடை மருத்துவரிடம் போய், நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று கேட்டு, அலுவலகக் குறிப்பேட்டில் வரி விடாமல் எழுதிக்கொண்டு வந்தாள். உடம்புக்குள் ரத்தம் கசிந்தால், மிச்சமிருக்கும் ரத்தம் இதயத்துக்கும் மூளைக்கும் போய்விடும். ஈறு வெளுக்கும், காதும் பாதமும் சில்லிடும், நாடி மெலிந்து வேகமாக ஓடும், நாய் சாதுவாகிவிடும். அதற்குப் பெயர் ஷாக் என்றார் டாக்டர். அதைத்தான் அவள் தூக்கம் என்று நினைத்திருந்தாள்.

கீழ் வீட்டில் கவிதா இருக்கிறாள். அவள் கணவன் ஜெயபிரகாஷ் கப்பல் கட்டும் தளத்தில் ஃபிட்டர். ஆகவே அவர்கள் நாய்க்கு போல்ட் என்று பெயர். மூக்கிலிருந்து ஈறு வரை கன்னங்கரேலென்று இருக்கும். மகேஸ்வரியின் பரிசோதனைக்கு ஒருநாளும் இணங்காத ஒரே நாய் அதுதான். கையை நீட்டினாலே பல்லைக் காட்டும்.

போன ஜனவரியில், பனி மூடிய ஒரு காலையில், ஒரு வேன் போல்ட்டைத் தூக்கி எறிந்தது. மகேஸ்வரி இறங்கி வருவதற்குள் போல்ட் தானே நடந்து வந்து வாசலில் படுத்திருந்தது. பின்னங்காலில் ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான். ஜெயபிரகாஷ் ஷிஃப்டுக்குப் போய்விட்டிருந்தான். சுற்றி நின்றவர்கள் வேன்காரனைத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

"கிச்சு ஹொய்னி, தீதி" என்றார் டீக்கடைக்காரர். ஒன்றும் ஆகவில்லை அக்கா என்கிறார்.

மகேஸ்வரி மண்டியிட்டு அதன் வாயருகே கையைக் கொண்டுபோனாள். போல்ட் உறுமவில்லை. உதட்டைத் தூக்கினாள், சும்மா இருந்தது. நாய் சாதுவாகிவிடும் என்று குறிப்பேட்டில் எழுதியது நினைவுக்கு வந்தது. கறுத்த ஈறில் அழுத்தி எந்த நிறத்தைப் பார்ப்பது? கீழ் இமையை மெல்ல இழுத்தாள். சிவந்திருக்க வேண்டிய உள்பக்கம் காகிதமாக வெளுத்திருந்தது. காது சில்லென்றிருந்தது. தொடையின் உட்புறத்தில் விரலை வைத்தாள். நாடி நூலாக ஓடியது.

உள்ளேயிருந்து கவிதா கிண்ணத்தோடு வந்தாள். மஞ்சள் வாசனை வந்தது.

"கவிதா, பாலைக் கீழே வை. இதுக்கு உள்ளே ரத்தம் போகுது. உடனே டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போகணும்."

"என்னக்கா நீங்க, நடந்து வந்த நாயைப் போய்! குளிர்ல நடுங்குது. சூடா ரெண்டு வாய் குடிச்சா தெம்பாயிடும்."

"குடிக்கக் கூடாது. புரையேறிடும். ஆபரேஷன்னா வயிறு காலியா இருக்கணும்."

கவிதாவுக்குப் பயம். பயம் கோபமாகத்தான் வெளியே வந்தது. "உங்க நாயைச் சாகக் குடுத்தது பத்தாதாக்கா? என் நாய் மேல எதுக்கு வாய் வைக்கிறீங்க?"

தமிழ் புரியாதவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். மகேஸ்வரி எழுந்திருக்கவில்லை. போல்ட்டின் மேலிருந்த கையையும் எடுக்கவில்லை.

"லாரி கொல்லலை கவிதா. லாரி அடிச்ச அப்புறமும் ரெண்டு மணி நேரம் டிக்கி உசுரோட இருந்துச்சு. இதே மஞ்சப் பாலைக் குடுத்துட்டு, தூங்குதுன்னு பக்கத்துல உக்காந்து பாத்துட்டு இருந்தேன். நான்தான் சாக விட்டேன். அதனாலதான் சொல்றேன், கீழே வை."

கவிதா குனிந்தாள். கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

அதற்குப் பிறகு மகேஸ்வரி யாரையும் யோசிக்க விடவில்லை. ஜெயபிரகாஷின் கேரம் போர்டு சுவரோரம் சாய்ந்திருந்தது. இரண்டு பேராகப் போல்ட்டை வளைக்காமல் அதன்மேல் நகர்த்திக் கம்பளியால் மூடினார்கள். கவிதா தலையணை கொண்டுவந்தாள்.

"வேண்டாம். தலை தாழ்ந்தே இருக்கட்டும். வாய்க்கிட்ட கையைக் கொண்டுபோகாதே, வலியில நம்மளையே கடிக்கும்."

ஒரே ரூட்டில் ஓடும் ஷேர் ஆட்டோ ஒன்று முதலில் வந்தது; அதை மறித்து, உள்ளே இருந்த இருவரைக் கும்பிட்டு இறக்கிவிட்டாள். கிதிர்பூர் பக்கம் போனால் தூக்குப்பாலத்துக்கு முன்னால் வண்டிகள் வரிசைகட்டி நின்றன. கப்பலுக்காகப் பாலம் உயர்ந்திருந்தது. அரை மணியாவது ஆகும் என்றார் ஆட்டோக்காரர். தாராதலா வழியாகத் திருப்பச் சொன்னாள்.

"அது என் ரூட் இல்ல தீதி. அந்த லைன் ஆட்டோக்காரங்க சண்டைக்கு வருவாங்க."

"வந்தா என்னைக் காட்டுங்க" என்றாள் வங்காள மொழியில். பெரிய அதிகாரிகளின் ஃபைலையே திருப்பி அனுப்பின குரல் அது. ஆட்டோ திரும்பியது.

போல்ட்டின் நாக்கு வெளியே தொங்கியது. கவிதா பாட்டிலைத் திறந்தாள். "அக்கா, ஒரு மூடி தண்ணியாவது..."

"ஒரு சொட்டும் கூடாது. நீ அதோட மூச்சை எண்ணிச் சொல்லிக்கிட்டே வா."

எண்ணுகிற வாயால் அழ முடியாது என்பது மகேஸ்வரிக்குத் தெரியும். கவிதா எண்ணினாள். வழி நெடுக மகேஸ்வரியின் விரல் தொடை நாடியிலேயே இருந்தது. வழியிலேயே, அன்று அவளுக்கு விளக்கிச் சொன்ன கால்நடை டாக்டரம்மாவுக்குப் போன் செய்து, வண்டி மோதியது, இமை வெளுத்திருக்கிறது, வாயில் எதுவும் கொடுக்கவில்லை என்று மூன்றே விஷயம் சொன்னாள்.

அதனால் அங்கே எல்லாம் தயாராக இருந்தது. வாசலிலேயே வாங்கிக்கொண்டார்கள். முன்னங்காலில் ஊசி ஏறியது, ட்ரிப்ஸ் ஓடியது. ஸ்கேனில் மண்ணீரல் கிழிந்திருப்பது தெரிந்தது. நாடி கொஞ்சம் தேறியதும் அறுத்துத்தான் ஆகவேண்டும், உத்தரவாதம் தரமுடியாது என்றார் டாக்டரம்மா. கவிதா கையெழுத்துப் போட்டாள். கதவு மூடிக்கொண்டது.

இரண்டு மணி நேரத்துக்கு மேலாயிற்று. இருவரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். மகேஸ்வரியின் சேலையில் நாய்முடியும் ரத்தமுமாக இருந்தது. கதவைத் திறந்துகொண்டு வந்த டாக்டரம்மா முகமூடியை இறக்கினார். ரத்தம் நின்றுவிட்டது, நாடி நன்றாக இருக்கிறது, இமை லேசாகச் சிவந்திருக்கிறது, வந்து பாருங்கள் என்றார்.

கவிதா எழுந்தாள். போகாமல் மகேஸ்வரியின் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். "அக்கா, அந்த வார்த்தையை நான் சொல்லியிருக்கக் கூடாது."

"நீ கேட்டதாலதான்டி நான் வாயைத் திறந்தேன். மூணு வருஷமா எல்லாரும் அந்த லாரிக்காரனைத் திட்டுனீங்க. நானும் கேட்டுக்கிட்டுச் சும்மா இருந்தேன். போ, உன் நாயைப் போய்ப் பாரு."

கவிதா உள்ளே போனாள். மகேஸ்வரி முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். டிக்கிக்காக அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை அவள். அழுவதற்கு உனக்கென்ன உரிமை என்று தன்னையே தடுத்து வைத்திருந்தவள், அன்றைக்கு யார் பார்க்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் அழுதாள்.