பன்னிரண்டாம் அறைக்கு இரண்டு குடும்பம்

கீழ்பென்னாத்தூரிலிருந்து தினமும் பஸ் ஏறி, வேங்கிக்காலில் இருக்கும் எங்கள் சின்ன மென்பொருள் அலுவலகத்துக்கு வருகிறவள் மணிமொழி. அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். பக்கத்து மேசைக்காரன் என்பதால் அதெல்லாம் எனக்குத்தான் கிடைத்துக்கொண்டிருந்தது. போன வருடத்திலிருந்து அந்தக் கோபம், நிரல் எழுத உதவும் ஏஐ பக்கம் போய்விட்டது. எனக்குக் கொஞ்சம் நிம்மதிதான்.

லாட்ஜ் நடத்தும் கோதண்டராமனுக்கு அறைப் பதிவு மென்பொருள் செய்துகொடுத்தவள் அவள். தனியாக அவள் எடுத்துச் செய்த முதல் வேலை அது. பௌர்ணமி அன்று எங்கள் ஊர் லாட்ஜில் ஓர் அறை ஒரே நாளில் இரண்டு குடும்பத்துக்குப் போகும். பகலில் வந்தவர்கள் குளித்து, தூங்கி எழுந்து, சாயங்காலம் அறையைக் காலி செய்துவிட்டுக் கிரிவலம் கிளம்புவார்கள். அடுத்த குடும்பம் பையோடு உள்ளே வரும். ஏஐக்கு இது பிடிபடவில்லை. எதைத் திருத்தச் சொன்னாலும், ஒரே தேதியில் ஒரே அறை இரண்டு முறை வந்தால் ஒன்றை அழிக்கும்படி மென்பொருளை மாற்றிவிடும். சுட்டிக்காட்டினால் மன்னிப்புக் கேட்கும். மறுநாள் எல்லாம் மறந்து மறுபடி அதையே செய்யும்.

இரண்டு பௌர்ணமி இப்படிப் போயிற்று. இரண்டாம் தடவை நான்கு குடும்பங்கள் பெட்டியோடு லாட்ஜ் வாசலில் நின்றன. கோதண்டராமன் போனில் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "இன்னொரு வாட்டி இப்படி ஆச்சுன்னா நான் பழைய நோட்டுக்கே போயிடறேம்மா" என்று மட்டும் சொன்னார். அன்று மணிமொழி சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை.

மறுநாள் ஒரு குறிப்புக் கோப்பு தொடங்கினாள். எந்த வேலைக்கு முன்பும் ஏஐ அதைப் படித்தாக வேண்டும். முதல் குறிப்பு, 'இரட்டைப் பதிவை அழிக்காதே.' ஏஐ அதை அப்படியே கேட்டு நடந்தது. சோதித்துப் பார்த்தால் ஒரே நேரத்தில் ஒரே அறையை மூன்று பேருக்குக் கொடுத்திருந்தது. அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம்தான் காரணத்தையும் எழுத ஆரம்பித்தாள்: யார் எப்போது வருவார்கள், ஏன் கிளம்புவார்கள், போன தடவை எங்கே சறுக்கியது. ஒவ்வொரு வேலை முடிந்ததும் என்ன தப்பு செய்தது என்று ஏஐயையே எழுதச் சொல்லி, இவள் திருத்தினாள். கம்ப்யூட்டருக்குத் தமிழிலா எழுதுவார்கள் என்று கிண்டல் செய்தேன்.

"எனக்குக் கோவம் தமிழ்லதான் வருது" என்றாள்.

அடுத்த பௌர்ணமிக்கு முந்தின நாள், அறைப் பட்டியல் உடனே வேண்டும் என்று கோதண்டராமன் போன் மேல் போன் போட்டார். பட்டியலில் பன்னிரண்டாம் அறை இரண்டு முறை இருந்தது. மணிமொழி அவசரத்தில், 'இது இரண்டு தடவை வருகிறது, ஒன்றை எடுத்துவிடு' என்று ஏஐக்குத் தட்டிவிட்டாள்.

ஏஐ எடுக்கவில்லை. 'முதல் குடும்பம் ஐந்து மணிக்குக் கிரிவலம் கிளம்புகிறது. அடுத்த குடும்பம் ஆறு மணிக்கு வருகிறது. உங்கள் குறிப்புப்படி இது தப்பில்லை. இருந்தும் எடுக்கட்டுமா?' என்று கேட்டிருந்தது.

அதைப் படித்தவள், தலையில் தட்டிக்கொண்டு சிரித்தாள். பன்னிரண்டாம் அறை அப்படியே இருந்தது.

பௌர்ணமி முடிந்ததும் கோதண்டராமன் நேரிலேயே வந்துவிட்டார். "ஒருத்தரும் வெளிய நிக்கலம்மா. நோட்டைப் பரண் மேல தூக்கிப் போட்டுட்டேன்" என்றார். அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் பார்த்ததே இல்லை.

அவர் போனதும் குறிப்புக் கோப்பைத் திறந்து ஏதோ தட்டினாள். எட்டிப் பார்த்தேன். 'அவசரத்தில் நானும் இதே தப்பைச் செய்வேன். அப்போது என்னையும் தடு' என்று இருந்தது.